ஆமையின் நடனம்

பிரெஞ்சு இசைவாணர் சேன்-சான்ஸ் 1886-இல் ‘விலங்குகளின் திருவிழா’ என்னும் இசைக்கோவையை இயற்றினார். அதில் ஆமைக்கும் ஓர் இடமுண்டு. ஓபன்பாக்கின் துள்ளல் நடன மெட்டொன்றை எடுத்து, வயலின் முதலான நரம்புக் கருவிகளில் மிக மெதுவாக ஊரவிட்டிருக்கிறார். (வயலினின் முன்னோருள் அரபிகளின் ரபாபும் ஒன்று.) புதிதாகப் பழகும் சிறாரும் கூடி வாசிக்க, எளிதாக்கிய வடிவங்கள் உண்டு.

அப்படிச் சிறுவர் வாசித்த பதிவொன்றைப் பேரன் கேட்கச் செய்தபோது நாம் சிரித்தோம். பிறகு சிரிப்பு அடங்கிற்று. முன்னொரு நாள், ‘அலிப், பே’யை இழுத்திழுத்து ஓதிய மாணவனொருவனை ‘ஆமை’ என்று விரட்டியவர் நாமே. குர்ஆனைத் தர்த்தீலாக, நிறுத்தி ஓதுக என்று போதித்த அதே நாவினால்! அவன் ஓர் எழுத்தையும் பிழையாகச் சொன்னதில்லை. மறுவாரம் அவன் ஓத வரவில்லை.

பேரனிடம் அம்மெட்டை இன்னொருமுறை வைக்கச் சொன்னோம்.