வெள்ளத்துல நின்ன கார் வீல்

2023 டிசம்பர் 17, 18 மழையை மறக்க முடியுமா? பாளையங்கால்வாய் ஓரம் எங்க வீட்டு முற்றத்துல நின்ன மகன் கார் ரெண்டு நாள் சேத்துத் தண்ணியில கெடந்துச்சு. இஞ்சினை அப்பவே சரிபண்ணிட்டோம். வீலை யாரும் பார்க்கல.

ஒரு வருஷத்துல அலாய் வீல் பெயிண்ட் உப்பி, அடியில வெள்ளையா மாவு மாதிரி பூத்துட்டு. அலுமினியம் இரும்பு மாதிரி செவப்பா துருப்பிடிக்காது, இப்படித்தான் அரிக்கும். டயர் உக்காருற விளிம்பும் அரிச்சதால ஒரு வீல்ல காத்தே நிக்கல.

"மேல ஸ்ப்ரே அடிச்சிருவோம்ப்பா"ன்னான் மகன். எனக்கு மனசு ஒப்பல. பவுடர் கோட்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"பழசு மேல அடிச்சா உள்ள அரிச்சுக்கிட்டேதான் இருக்கும் அண்ணாச்சி. பழைய பெயிண்டை எடுத்து, மணல் பீச்சி, பவுடர் தூவி, 200 டிகிரிக்கு மிஞ்சாம அடுப்புல வைக்கணும். சூடு கூடினா வீலோட பலம் போயிரும்"னார்.

மணல் பீச்சினதும் ஒரு வீலோட உள்பக்கம் மயிரிழை மாதிரி விரிசல் தெரிஞ்சது. அதுல பவுடர் அடிக்க மாட்டேன்னுட்டார். பேரப்புள்ளைங்க போற வண்டி! எனக்குக் கை நடுங்கிப் போச்சு.

மூணுக்குப் பவுடர், ஒண்ணு புதுசு. செவ்வாய்க்கிழமை சந்தையில ஆடு வித்த காசு அதுக்கே சரியாப்போச்சு. வருத்தமில்ல. கொம்புல அடிச்ச பெயிண்டைப் பாத்தா மாடு பிடிக்கோம்? பல்லைத்தானே பாக்கோம்.

உங்க காரும் வெள்ளத்துல நின்னிருந்தா, டயரைக் கழத்தி உள்பக்கத்தை ஒருதடவை பாத்துருங்க.