போகாத குருவி

நான் ரெஜைனாவில் வந்து இறங்கியது ஒரு ஜனவரி. மைனஸ் 30. "அங்க காகம், குருவி ஒண்டும் இல்லையே பிள்ளை?" அம்மா போனில் கேட்டா. "ஒண்டும் இல்லையம்மா" எண்டு சொன்னன்.

அடுத்த கிழமையே யன்னலுக்கு வெளியே ஒன்றைக் கண்டேன். கறுப்புத் தொப்பி போட்ட மாதிரித் தலை, பத்துப் பன்னிரண்டு கிராம் உடம்பு. சிக்கடீ. இரவில் உடற்சூட்டைப் பத்துப் பாகை வரை இறக்கித்தான் குளிரைத் தாண்டுமாம்.

ஏப்ரலில் புல்வெளி வேலிக்கட்டைகளில் மெடோலார்க் பாடத் தொடங்கியது. மஞ்சள் நெஞ்சில் கறுப்பு மாலை. ஜூலையில் லாஸ்ட் மவுண்டன் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கினோம். விடிய எழும்பிப் பார்த்தால் தண்ணீர் முழுக்க வெள்ளைக் கூழைக்கடாக்கள். அந்த ஏரியின் வடமுனையை 1887இலேயே பறவைகளுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். வட அமெரிக்காவில் மத்திய அரசு ஒதுக்கிய முதல் பறவைச் சரணாலயம் அதுதான்.

செப்டெம்பர் கடைசியில் திரும்பவும் போனோம். சாண்ட்ஹில் கொக்குகள் ஆயிரக்கணக்கில் கத்திக்கொண்டு தெற்கே போயின. அந்தக் கிழமைதான் ஊரில அம்மம்மா செத்தவ. என்னால போக ஏலாமல் போச்சு. கரையில் இருந்து அழுதேன்.

நவம்பரில் ஏரி உறைந்தது. வானம் வெறுமை. யன்னலடியில் மட்டும் அதே சிக்கடீ.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, ஒண்டு போகாம இஞ்சயே இருக்கு."