கோபன்ஹேகனில் வாங்கிய சுங்கான்

டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனுக்குச் செல்வோர் கடற்கன்னியின் சிலையைக் காணாமல் திரும்புவதில்லை. நாம் தேடிச் சென்றதோ பழைய சுங்கான்களை! புகைக்கும் வழக்கம் நமக்கில்லை. மரத்தின் அழகில் உண்டான மயக்கமே காரணம்.

அமாகர்டோர்வ் சதுக்கத்தில் நெடுங்காலம் புகழ்பெற்று விளங்கிய லார்சன் புகையிலைக் கடை இன்று அங்கே இல்லை. ஆகவே பழம்பொருட் சந்தைக்குச் சென்றோம். ஸ்டான்வெல் சுங்கான் ஒன்று அகப்பட்டது. தண்டில் ‘969-48’ என்ற பொறிப்பு. 1948இல் செய்தது என்று விற்றவர் அடித்துக் கூறவே, பேரம் பேசாமல் வாங்கினோம்.

மறுநாள் முதியவரான சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டினோம். அவர் நகைத்தார். அது வணிகச் சின்னத்தின் பதிவெண்ணாம். 48 என்பது பதிவான ஆண்டு. பின்னர்ப் பல்லாண்டு செய்த சுங்கான்களிலும் அதே எண்தான்!

ஆயினும் மரத்தை அவர் மெச்சினார். பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரப் புதரொன்றின் வேர்முண்டு. கொதிக்க வைத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பின்பே அதைக் கடைவார்கள், எளிதில் கருகாது. உலகப்போரின்போது அது கிடைக்காமையால், 1942இல் தொழில் தொடங்கிய பௌல் நீல்சன் பீச் மரத்தில் சுங்கான் செய்தார். பிற்காலத்தில் அந்நிறுவனத்துக்கு வடிவங்கள் வகுத்தளித்தவருள் ஒருவர் சுவீடனில் பிறந்த சிக்ஸ்டன் இவர்சன் (1910–2001). மரத்தின் ரேகை ஓடும் வழியே உருவம் கண்ட மேதை. பொருப் ஊரிலிருந்த ஸ்டான்வெல் தொழிற்சாலையோ 2009இல் மூடப்பட்டது. உற்பத்தி இத்தாலிக்குப் போயிற்று.

“பொறிப்பில் கை வைக்கலாகாது, அதுவே இதன் ஜாதகம். இது ஏன் இவ்வளவு மங்கியிருக்கிறது?” என்று வினவினார் முதியவர்.

முந்தின இரவு விடுதியில் உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்கியதை நாம் சொல்லவில்லை.