மயில் குல்லாய்

குல்லாய் என்பது பாரசீகத்திலிருந்து நம் மொழிக்குள் வந்த சொல். வந்த இடத்தில் அதற்கு நற்பெயர் வாய்க்கவில்லை. ஒருவருக்குக் 'குல்லாய் போட்டான்' என்றால் ஏய்த்தான் என்றோ முகத்துதி செய்தான் என்றோதான் பொருள். தலைக்கு முண்டாசும் பூவும் போதுமாயிருந்த வெப்ப நாட்டில் கம்பளிக் குல்லாய்க்கு வேறென்ன மதிப்பு இருந்திருக்கும்! ஆனால் உதகையில் வளரும் என் அண்ணன் மகளுக்கு அது இன்றியமையாத பொருள். ஆறு வயது, மார்கழி உறைபனியில் பள்ளிக்குச் செல்கிறவள். தொலைபேசியில் அவள் கேட்டதோ வெறும் குல்லாய் அன்று. "மயில் குல்லா வேணும் அத்தை. கொண்டை இருக்கணும், தோகையும் இருக்கணும்."

குளிரில் நடுங்கியதாக எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். மயிலுக்கு இயற்கை தந்த இறகுப் போர்வையே போதும். எனவேதான் அச்செயலைக் கொடைமடம் என்றனர். இங்கே நடுங்குவது உண்மையாகவே குழந்தை. போர்த்த வேண்டியது மயில். பேகனின் கடனை மயில் திருப்பித் தரட்டும் என்று கொக்கி ஊசியைக் கையிலெடுத்தேன்.

குரோஷாப் பின்னலை நான் பள்ளியில் கைத்தொழில் வகுப்பில் கற்றேன். தொலைக்காட்சிப் பெட்டி, தண்ணீர்ப் பானை, நாற்காலி முதுகு என எதையும் விட்டுவைக்காமல் விரிப்புப் போர்த்திய காலம் அது. இப்போது வண்ணக் குறும்புத் தொப்பிகளுக்கான செய்முறைகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன, ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில். 'டி.சி.' என்றாலே மாற்றுச் சான்றிதழ் என்று பழகிவிட்ட கல்லூரி ஆசிரியைக்கு அவற்றைப் படிப்பது தனி அனுபவம். போதாக்குறைக்கு அமெரிக்கர் 'சிங்கிள்' என்னும் தையலை ஆங்கிலேயர் 'டபுள்' என்பர். உரையாசிரியர்களுக்குள் பாடபேதம் இருப்பதைப் போல.

செய்முறையின் அடிப்படை ஓர் அழகிய கணக்கு. ஒரு சிறு வளையத்தில் ஆறு கண்ணிகள். அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு. சுற்றுக்கு ஆறு கூடினால் வட்டம் தட்டையாக விரியும். கூட்டுவதைக் குறைத்தால் கிண்ணமாகக் குவியும். மிகுத்தால் விளிம்பு அலையலையாகச் சுருளும். இந்த மூன்றாம் வகைச் சுருளைக் கொண்டுதான் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டயானா டைமினா என்னும் கணித அறிஞர் 1997இல் அதிபரவளைய வெளியைக் கையால் தொட்டுப் பார்க்கும் பொருளாக்கிக் காட்டினார். எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவு பெரிய வடிவியல் அன்று. குழந்தையின் தலைச் சுற்றளவு 51 சென்டிமீட்டர். ஆகவே வட்டம் 16 சென்டிமீட்டர் குறுக்களவை எட்டியதும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். பிறகு வரும் சுற்றுகள் தாமாகவே கீழிறங்கிச் சுவராகும். உச்சி முழுவதும் மயில்கழுத்து நீலம்.

தோகைக்கு ஏழு பீலிக் கண்கள் பின்னினேன். நடுவே கருநீலம், அதைச் சுற்றி வெளிர் நீலம், பின்னர் செம்புநிறம், புறத்தே பச்சை. கண்ணி என்ற சொல் சங்க இலக்கியத்தில் தலையில் சூடும் பூந்தொடையைக் குறிக்கும். வலையின் முடிச்சையும் குறிக்கும். கண்ணி கண்ணியாகப் பின்னித் தலைக்குச் சூட்டும்போது இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன என்று மாலைப் பொழுதுகளில் எனக்குள் வியந்துகொண்டேன். (தமிழாசிரியர்களுக்கு இத்தகைய மகிழ்ச்சிகளே மிகுதி.) கொண்டைதான் தொல்லை தந்தது. நூற்சங்கிலிகளின் முனையில் சிறு வட்டங்களைத் தைத்தால் அவை நிமிராமல் மழையில் நனைந்த மயிலைப் போல் தொங்கின.

ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையிலும் பின்னினேன். சக ஆசிரியை ஒருவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஊட்டிக் கடையில நூத்தம்பது ரூபாய்க்குக் கெடைக்குமே, கண்ணைக் கெடுத்துக்கணுமா?" என்றார். அதற்குள் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நூலுக்கு மட்டும் நூற்றெண்பது ரூபாய். அவர் சொன்னதில் தவறில்லை. அத்தகைய தொப்பிகளை நானும் அங்கே கண்டிருக்கிறேன். பல, இயந்திரத்தில் பின்னியவை. ஆனால் உச்சியில் ஆறு ஆறாக விரியும் வட்டம் தெரிகிற தொப்பிகளும் அந்தக் குவியலில் இருந்தன.

இயந்திரம் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளையும் ஊசிகளில் திறந்தே வைத்துக்கொண்டு பின்னும். குரோஷாவில் ஒரு கண்ணி முடிந்த பிறகே அடுத்தது பிறக்கும். ஏற்கெனவே பின்னிய பரப்புக்குள் கொக்கி நுழைந்து, நூலைப் பற்றி இழுத்து வெளிவர வேண்டும். ஆய்வுக்கூடங்களில் முயற்சிகள் நடக்கின்றன. எனினும் இந்தச் சிறு செயலை ஏற்றுச் செய்யும் இயந்திரம் தொழிற்சாலைகளில் இன்னும் இடம்பெறவில்லை. எனவே எவ்வளவு மலிவான குரோஷாத் தொப்பியாயினும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவரின் விரல்கள்தாம் இழுத்திருக்கின்றன. நூற்றைம்பது ரூபாயில் நூலும் கடைக்காரரும் இடைத்தரகரும் போக அந்த விரல்களுக்கு எஞ்சுவது எவ்வளவு?

விடை அதே வாரத்தில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையொப்பம் வாங்க வந்தவள் மேசைமேல் கிடந்த மயிலைப் பார்த்தாள். "எங்க அம்மாவும் இது பண்ணுவாங்க மிஸ். பூ மட்டும். ஒரு பூவுக்கு நாலு ரூபா." மணிக்கு எத்தனை பூ என்று கேட்டேன். நான்கு, விளக்கு வெளிச்சத்தில் மூன்று என்றாள். அவள் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி அந்தப் பூக்களிலிருந்து வருகிறது. அவளுடைய வகுப்புப் பொறுப்பாசிரியை நான். அவள் நிரப்பித் தந்த படிவம் என் இழுப்பறையில் இருந்தது. 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தாள். காட்டியபோது சிரித்தாள். "அம்மா வேலைக்குப் போகலையே மிஸ்."

ஆந்திரத்தின் நர்சாபூரில் ஏற்றுமதிக்காகக் குரோஷாச் சரிகை பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியலாளர் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள் முழுதும் உலகச் சந்தைக்காக உழைக்கும் அவர்களை எல்லாரும் இல்லத்தரசிகளென்றும், அவ்வுழைப்பை ஓய்வுநேர வேலையென்றுமே கருதினர் என்பது அவர் கண்டது. வேலை என்று ஒப்புக்கொள்ளாத ஒன்றுக்குக் கூலி கேட்பது எப்படி? ஒரு சொல்லைக் கொண்டே ஊதியத்தைக் குறைத்துவிட முடிகிறது. படிவத்தின் அந்த ஒற்றைச் சொல் என்னை உறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் பணிபுரியும் இந்த நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களில் பெண்களுக்குச் சரிகை பின்னக் கற்பித்தார். அது குரோஷா அன்று. தலையணைமேல் ஊசிகளை நட்டு, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் முறை. அந்த வருவாயைக் கொண்டு அடிமைப் பெண்கள் தம் விடுதலையை விலைக்கு வாங்கியதை மிஷன் வரலாறுகள் குறிக்கின்றன. அன்று அதை ஓய்வுநேர வேலை என்று அவர்களிடம் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

மறுவாரம் மாணவியின் தாயே கல்லூரிக்கு வந்தார். மயிலை வாங்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். கொண்டையைக் காட்டினேன். தூண்டிலுக்குக் கட்டும் தடித்த தங்கூசியை உள்ளே கிடத்தி, அதன்மேல் பின்னிக்கொண்டு போகச் சொன்னார். கம்பி குழந்தையைக் குத்தும், இது குத்தாது. பேசிக்கொண்டே ஐந்து காம்புகளையும் பின்னி முடித்துவிட்டார். கொண்டை நிமிர்ந்து நின்றது.

சக ஆசிரியைக்கும் இப்போது பேரனுக்காக ஒன்று தேவைப்பட்டது. மயில் வேண்டாம், சேவல் போதும் என்றார். அந்த அம்மையாரிடமே கேட்கும்படி சொன்னேன். "எவ்வளவு நேரம் ஆகும்னு பாத்துட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றவர், இரண்டு நாள் கழித்து நூல் நீங்கலாக எழுநூறு ரூபாய் என்று சொல்லியனுப்பினார். ஐந்நூறுக்குப் பேரம் நடந்தது. அறுநூற்றைம்பதில் முடிந்தது. சிவப்புக் கொண்டையும் மஞ்சள் அலகுமாகச் சேவல் பாதி வளர்ந்திருக்கிறது என்று மாணவி சொன்னாள். படிவத்தை அவளிடமே கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் கேட்டு எழுதிவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.