போதும் என்னும் ஒரு சொல்

பள்ளிகள் திறக்கும் காலம் நெருங்கிவிட்டால் நம் இல்லங்களுக்கெல்லாம் ஒரு புதுக்களை வந்துவிடும். நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போடுவதும், பெயர்ச்சீட்டு ஒட்டுவதும், சீருடைக்கு அளவு கொடுப்பதுமாகப் பெற்றோரும் பிள்ளைகளும் பரபரப்பாய் இருப்பர். எங்கள் இல்லத்திலும் அந்தப் பரபரப்பு உண்டு. ஆனால் அது மே மாதத் தொடக்கத்திலேயே வந்துவிடும். அட்டை போடுவது அதில் கடைசி வேலை.

என் மகனுக்கு வயது ஒன்பது. அறிவுசார் குறைபாடு உடைய பிள்ளை. நாற்பது, ஐம்பது சொற்களே அவன் கைவசம். அத்தனையும் தமிழ்ச் சொற்கள். பழகிய ஒழுங்கில் ஒன்று மாறினாலும் கலங்கிவிடுவான். புதிய வகுப்பும் புதிய ஆசிரியையும் பிற பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, அவனுக்கோ அச்சம்.

சென்ற ஆண்டு பள்ளியிலிருந்து ஒரு புகார் வந்தது. நண்பகல் உணவின்போது தட்டைத் தள்ளிவிடுகிறான், ஆயாவின் கையைக் கிள்ளுகிறான் என்றனர். வீட்டில் அவன் அவ்வாறு செய்பவன் அல்லன். ஒருநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, உணவுக் கூடத்தின் வாயிலில் ஒதுங்கி நின்று பார்த்தேன். நாங்கள் கொடுத்தனுப்பிய டப்பாவிலிருந்து ஆயா அன்போடுதான் சோற்றை எடுத்து இட்டார். அவன் "போதும்" என்றான். அவர் சிரித்துக்கொண்டே, இன்னும் நேரமாகவில்லை, உட்கார் என்று தெலுங்கில் கூறி, மேலும் ஒரு கரண்டி இட்டார். மீண்டும் "போதும்"; மீண்டும் ஒரு கரண்டி. மூன்றாம் முறை தட்டு கவிழ்ந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. தெலுங்கில் "போதாம்" என்றால் "போகலாம்" என்று பொருள். பிள்ளை வீட்டுக்குப் போக அடம் பிடிக்கிறான் என்றே அந்த அம்மையார் கருதியிருக்கிறார். இருபது ஆண்டுகளாக இவ்வூரில் தெலுங்கு பேசி வரும் எனக்கே அது தோன்றவில்லை. முரட்டுத்தனம் என்று பதிவேட்டில் எழுதப்பட்டது, உண்மையில் அவன் பணிவோடு மும்முறை சொன்ன ஒரு சொல்.

இதற்கு முன்பும் ஒரு பிழை செய்தோம். அது எங்கள் பிழை. அவனுக்கு நான்கு வயதிருக்கும்போது, இரண்டு மொழிகள் பிள்ளையைக் குழப்பும், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று விவரம் அறிந்த ஒருவர் கூறினார். பிள்ளைக்கு நன்மை என்றால் எதைத்தான் விடமாட்டோம்? விட்டோம். என் தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது. பேரனிடம் பேசினால் தீங்காகுமோ என்றஞ்சி வாய்மூடியிருந்தார். அவனிடமிருந்த ஐந்தாறு சொற்களும் மங்கின. எட்டு மாதங்கள் கழிந்து ஒருநாள், தாயார் பொறுக்கமாட்டாமல், "சாப்பிட்டியாடா கண்ணா?" என்று கேட்டுவிட்டார். அவன் எழுந்து சென்று அவர் மடியில் அமர்ந்தான். அன்றோடு எங்கள் ஆங்கிலம் முடிந்தது.

பின்னர் தேடிப் படித்தபோது தெரிந்துகொண்டேன்: டௌன் கூட்டறிகுறி உடைய பிள்ளைகளிடத்தும், ஆட்டிசம் உடைய பிள்ளைகளிடத்தும் செய்யப்பட்ட ஆய்வுகள், இருமொழி கேட்டு வளர்வதால் பேச்சு மேலும் பின்தங்குவதில்லை என்றே காட்டுகின்றன. ஆகவே விடவேண்டியது தமிழை அன்று. தமிழுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு பாலம் போடவேண்டும்.

இவ்வாண்டுக் கோடையில் அப்பாலத்தைத்தான் கட்டினோம். அவன் சொற்களில் இன்றியமையாத இருபதைத் தெலுங்கு எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தெலுங்குப் பொருளையும் எழுதினேன். "போதும்" என்பதற்கு "சாலு". "தண்ணி" என்பதற்கு "நீள்ளு". "வலிக்குது" என்பதற்கு "நொப்பி". அலுவலக நண்பர் ஒருவர் பிழை திருத்தித் தந்தார். வீட்டில் ஒவ்வொரு கரண்டிக்கும் என் மனைவி, "போதுமா? சாலா?" என்று சேர்த்துக் கேட்டார். எம்மொழியினருக்கும் விளங்கும்படி, உள்ளங்கையைத் தட்டின்மேல் விரித்துக் காட்டவும் பழக்கினோம். புதுச் சீருடையை மூன்று முறை துவைத்து அதன் மொடமொடப்பைப் போக்கினோம். வெயில் தணிந்த மாலைகளில் பூட்டிக் கிடந்த பள்ளி வாயில் வரை நடத்திச் சென்று திரும்பினோம். நாட்காட்டியில் நாள்தோறும் ஒரு கட்டத்தை அவனே அடித்து வந்தான்.

நம் நகரத்தாருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அறிவுசார் குறைபாடு உடையோருக்கென 1984-இல் தோன்றிய தேசிய நிறுவனம் சிகந்தராபாத் மனோவிகாஸ் நகரிலேயே இருக்கிறது. சட்டமும் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அவற்றுள் குறிப்பிட்ட அளவு குறைபாடு உடைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. என்னைப் போன்ற மத்திய அரசு ஊழியர், இத்தகைய பிள்ளையைப் பேணுபவராயின், வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்குக் கோரலாம் என்று அரசுக் குறிப்பாணை கூறுகிறது. பிள்ளைகளின் கல்விப் படியும் இவர்களுக்கு இருமடங்கு. கோப்புகளோடு வாழும் நம்மவருள்ளும் பலர் இதனை அறியார், ஆதலின் குறிப்பிட்டேன்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் பள்ளி திறந்தது. அந்தத் தாளை ஆசிரியையிடம் ஒன்றும் ஆயாவிடம் ஒன்றுமாகக் கொடுத்தேன். ஆயா வாசித்துவிட்டு, முதற்சொல்லின்மேல் விரலை வைத்து, சற்று நேரம் பேசாதிருந்தார். "அய்யோ, எத்தனை நாள் இந்தப் பிள்ளைக்குச் சோற்றைத் திணித்தேன்!" என்று தெலுங்கில் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது.

மாலையில் அழைக்கச் சென்றேன். டப்பாவில் கொஞ்சம் தயிர்ச்சோறு மீந்திருந்தது. ஆயா வாயில் வரை வந்து, தமக்குப் புதிதாய்க் கிடைத்த தமிழில், "போதுமா அடிகானு" என்று பெருமையோடு கூறி, என் மகனைப் போலவே உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவன் என் கையைப் பற்றிக்கொண்டு, வாயிலைத் தாண்டியதும், எங்கள் வழக்கப்படி இடப்பக்கமாகத் திரும்பினான்.