உன் கிரகத்தில் யாரும் இருமவில்லை

பான்யுவாங்கி, கிழக்கு ஜாவா

அன்புத் தோழிக்கு,

பாலியிலிருந்து ஜாவாவுக்குப் படகில் வரும்போது உன் நாவலின் மூன்று அத்தியாயங்களையும் படித்து முடித்தேன். பச்சை வானம், இரண்டு சூரியன், மஞ்சள் கந்தகக் கடல் எல்லாம் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று அப்போது சொல்லத் தெரியவில்லை. நேற்று இரவு காவா ஈஜென் எரிமலைக்குள் இறங்கி ஏறிய பிறகுதான் புரிந்தது. உன் கிரகத்தில் யாரும் இருமவில்லை.

நள்ளிரவு தாண்டி அடிவாரத்தில் நடக்கத் தொடங்கினோம். எரிமலையின் விளிம்புக்கு மூன்று கிலோமீட்டர் ஏற்றம், நல்ல குளிர், கும்மிருட்டு. மலை என் கண்ணுக்குத் தெரியுமுன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. முதலில் யாரோ பக்கத்தில் தீக்குச்சி உரசியதுபோல ஒரு நெடி. பிறகு தீபாவளி மறுநாள் காலைத் தெரு. அதற்கும் மேலே போனதும் ஊரில் இருந்து கொண்டுவந்த உவமைகள் தீர்ந்துபோயின. மூக்கைத் தாண்டி நாக்கில் ஒரு புளிப்பு ஏறியது. காற்றுக்குச் சுவை உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

விளிம்பிலிருந்து உள்ளே இறங்குவது கற்பாதை. கந்தகம் வெட்டும் தொழிலாளிகள் அதே வழியாக மேலேறி வருகிறார்கள். மூங்கில் காவடியின் இருபுறமும் கூடைகள், மொத்தம் எழுபது, எண்பது கிலோ. அவர்கள் தலைவிளக்கு தெரிவதற்கு முன்பே மூங்கில் முனகும் சத்தம் கேட்கும். நாங்கள் பாறையோரம் ஒதுங்கி வழிவிட்டோம். சிலர் முகத்தில் ஈரத்துணி மட்டும்தான். வாடகை முகமூடிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு அவர்களைப் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது.

திடீரென்று காற்று திரும்பியது. வெள்ளைப் புகை எங்களைச் சூழ்ந்துகொண்டது. வழிகாட்டி என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னார். கண்ணில் மிளகாய்ப்பொடி விழுந்த எரிச்சல். கந்தக டைஆக்சைடு கண்ணீரில் கரைந்தால் அமிலமாகிவிடும். தொண்டையின் ஈரத்திலும் அதேதான் நடக்கிறது. வெளியே இருக்கும் காற்றுக்கு அமிலம் செய்ய நம் உடம்பே தண்ணீர் தருகிறது. உன் நாயகி கப்பலிலிருந்து இறங்கியதும் வானத்தைப் பார்த்து வியக்கிறாள் அல்லவா? அவள் கண்ணைத் திறக்கவே முடியாது, அம்மா.

அந்தப் புகையில் அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. மிகச் சிறு அளவிலேயே நம் மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் மோப்ப உணர்வே மரத்துப்போகும். வாடை நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையும் நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம். இது உன் கதைக்கு எவ்வளவு பெரிய கொடை என்று யோசித்துப் பார். துர்நாற்றம் இருக்கும்வரை உயிருக்குப் பயமில்லை என்று எண்ணும் மக்கள், வாசனையற்ற காற்றைக் கண்டு குழந்தையை வாரிக்கொண்டு ஓடும் தாய்.

பள்ளத்தின் அடியில் ஒரு நீல நெருப்பைப் பார்த்தேன். பலர் அதை நீல எரிமலைக் குழம்பு என்கிறார்கள். அது தவறு. கந்தக ஆவி பாறைப் பிளவுகளிலிருந்து கடும் சூட்டில் வெளிவந்து, காற்றைத் தொட்டதும் பற்றிக்கொள்கிறது. கந்தகத்தின் தீ நீலம்தான். விடிந்ததும் நெருப்பு அணையவில்லை, பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவே. மெல்லிய ‘உஸ்’ஸென்ற சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

நான் அதிக நேரம் நின்றது குழாய்களின் வாயில். புகையைக் குழாய்களுக்குள் திருப்பிவிட்டிருக்கிறார்கள். உள்ளே ஆவி குளிர்ந்து, அடர்சிவப்புத் திரவமாகச் சொட்டி, தரையில் ஆற ஆற மஞ்சளாகி இறுகுகிறது. அந்தப் பாளத்தைத்தான் கடப்பாரையால் பெயர்த்தெடுக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் மஞ்சள் கடல் என் மனதில் இடறியது.

கந்தகம் 115 டிகிரியை ஒட்டி உருகும்போது தண்ணீர்போல ஓடும், நிறமும் மஞ்சள்தான். வெல்லப்பாகை அடுப்பில் வைத்தால் நீர் வற்றிக் கெட்டியாகும், உனக்குத் தெரியும். கந்தகத்தில் வற்றுவதற்கு நீரே இல்லை. ஆனால் 160 டிகிரி தாண்டியதும் அதன் வளைய மூலக்கூறுகள் உடைந்து, ஒன்றோடொன்று கோத்து, நீண்ட சங்கிலிகளாகின்றன. சூடு இன்னும் கொஞ்சம் ஏறியதும் அது தேனைவிடக் கெட்டியாகிக் கருஞ்சிவப்பாகிறது. அப்படியென்றால் உன் கடலில் குளிர்ந்த கரையோரம்தான் அலை சலசலக்கும். சூடான நடுக்கடலில் அலையும் இல்லை, ஓசையும் இல்லை. கரையில் மஞ்சள், உள்ளே போகப்போக இரத்தச் சிவப்பு. மாலுமிகள் நிறத்தைப் பார்த்தே திரும்பிவிடுவார்கள். நீ எழுதிய புயல் காட்சியை விட இந்த மௌனம் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படி வேதியியலைக் கொண்டே உலகம் படைக்கும் வழியில் வெகுதூரம் போனவர் ஹால் கிளெமென்ட். பள்ளியில் வேதியியல் கற்பித்த அமெரிக்கர். 1953இல் புத்தகமாக வந்த ‘ஐஸ்வேர்ல்ட்’ நாவலில் வரும் உயிர்கள் மூச்சுக்காற்றாக இழுப்பது கந்தக ஆவியை. கந்தகம் கொதிப்பது சுமார் 445 டிகிரியில். அந்தச் சூட்டில் வாழ்பவர்களுக்கு நம் பூமி நம்ப முடியாத பனிக்கிரகம். நேற்று அந்தக் குழாயருகே நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர்களுடைய காற்றுதான் என் காலடியில் கட்டியாக உறைந்து கிடந்தது.

உன் கிரகத்தை அந்தச் சூட்டுக்கும் சற்று மேலே கொண்டுபோனால் இன்னொன்றையும் நீ மாற்ற வேண்டும். 525 டிகிரியை நெருங்கினால் எந்தக் கல்லும் இருட்டில் மங்கலாகச் சிவந்து ஒளிரத் தொடங்கும். அங்கே அமாவாசை என்ற ஒன்றே கிடையாது. இரண்டாம் அத்தியாயத்தில் அவள் விளக்கேந்திக் குகைக்குள் போகிறாள். அவளுக்கு விளக்கு எதற்கு?

ஒலியையும் நீ மறந்துவிட்டாய். 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் ஒலிவாங்கி இருக்கிறது. அந்த மெல்லிய கரியமிலக் காற்றில் ஒலி நொடிக்கு 240 மீட்டர்தான் போகிறது, இங்கே 340. அதிலும் உயர்ந்த சுருதி தாழ்ந்ததைச் சற்று முந்திவிடுகிறது. முந்தி என்ன பயன், கீச்சொலிகளைக் காற்றே விழுங்கிவிடுவதால் சில மீட்டருக்குள் தேய்ந்துபோகின்றன. அங்கே நாகசுரக் கச்சேரி வைத்தால் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்கும்.

வியாழனின் நிலவான அயோவிலும் கந்தகம் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அங்கே காற்று இல்லை என்றே சொல்லலாம், அதனால் நெடியும் இல்லை. உடையில் ஒட்டி, கலத்துக்குள் வந்த பிறகுதான் அந்த ஊர் மணக்கும். அப்போலோ வீரர்கள் சந்திரனின் வாசனையை அப்படித்தான் அறிந்தார்கள். வெடித்த துப்பாக்கி மருந்தின் வாசனை என்றார்கள்.

விடிந்த பிறகு அமில ஏரியைப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டர் நீளம், பால் கலந்த பசுநீலம், கரைந்திருப்பது கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். அந்த மலையிலிருந்து இறங்கும் ஆற்றுக்கு மேற்பகுதியில் பான்யுபாஹிட் என்று பெயர். ஜாவா மொழியில் கசப்பு நீர். கீழே போனதும் பான்யுபுத்தி, வெள்ளை நீர். மலையில் நாக்கு வைத்த பெயர், சமவெளியில் கண் வைத்த பெயர். உன் கிரகத்தின் ஊர்களுக்கெல்லாம் நிறத்தைக் கொண்டே பெயர் வைத்திருக்கிறாய். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு தடவையாவது நக்கிப் பார்த்திருக்க மாட்டார்களா?

அறைக்கு வந்து பார்த்தால் என் வெள்ளி மோதிரம் கறுத்திருந்தது. மூன்று முறை குளித்தும் தலைமுடியில் நெடி போகவில்லை. நேற்றைய சட்டையைத் துவைக்காமல், பையில் இறுகக் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் ஊருக்கு வந்ததும் உன்னிடம் தருகிறேன். முதலில் அதை முகர்ந்து பார். பிறகு முதல் அத்தியாயத்தை எடுத்து, அவள் கதவைத் திறக்கும் இடத்திலிருந்து திரும்ப எழுது.

அன்புடன்,
உன் தோழி