எதிரெதிர் நோக்கிய இரு கல்லறைகள்

கல்லூரி மெய்வல்லுநர்ப் போட்டிக்கு முதல்நாள் ஒலிம்பியாவைப் பற்றி மாணவர்க்குச் சில கூறும் பொறுப்பு ஆண்டுதோறும் நம்மைச் சாரும். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு பேசியபோது நாம் இழைத்த பிழையொன்று இன்றும் நெஞ்சை உறுத்துகின்றது. அதனை ஈண்டு ஒப்புக்கொள்ளுதல் கடனெனக் கருதுகின்றோம்.

அன்று நாம் எடுத்துக்கொண்ட வரலாறு, அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ என்னும் நூலிற் குறித்தது. கொரிந்து நகரத்து டியோக்கிளிஸ், கி.மு. 728இல் நிகழ்ந்த 13ஆவது ஒலிம்பிய விழாவில் வாகை சூடியவன். அக்காலத்தில் அங்கு நிகழ்ந்தது ஒரேயொரு போட்டியே. ஏறத்தாழ 192 மீற்றர் நீளமுள்ள களத்தை ஒருமுறை ஓடிக் கடத்தல். அவ்வீரன்பால் அன்பு பூண்டவன் பிலோலாவுஸ். அந்நகரை ஆண்ட பக்கியாதர் குலத்துத் தோன்றல்.

டியோக்கிளிசின் தாய் தன் மகன்மீதே தகாத வேட்கை கொண்டாள். அதனை வெறுத்த அவன், தான் பிறந்த நகரைத் துறந்து தீப்ஸ் நகர் புகுந்தான். பிலோலாவுசும் குலப்பெருமை பாராது அங்கேயே வாழ்ந்தான்; அந்நகரத்தார்க்கு மகவேற்பு முதலியவை பற்றிச் சட்டமும் வகுத்தளித்தான். ஈற்றில் இருவரும் அம்மண்ணிலேயே மடிந்தனர்.

அவர்தம் கல்லறைகள் ஒன்றிலிருந்து நோக்கின் மற்றது நன்கு தோன்றுமாறு அமைந்தவை. ஆயின் பிலோலாவுசின் கல்லறையிலிருந்து கொரிந்து நாடு தெரியும். டியோக்கிளிசின் கல்லறையிலிருந்து தெரியாது. தாம் வாழுங்காலத்தே இருவரும் அவ்வாறு திட்டமிட்டனர் என்பது அந்நாட்டார் வழக்கு. அரிஸ்டோட்டில் காலத்திலும் மக்கள் அவற்றைச் சுட்டிக் காட்டிவந்தனர்.

இவ்வளவும் கூறிய நாம் ஒரு சொல்லை மட்டும் மறைத்தோம். பிலோலாவுசைக் காதலன் என்றே அந்நூல் கூசாது கூறுகின்றது. நாமோ ‘ஆருயிர் நண்பன்’ என்றோம். கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் துணைக்கழைத்துத் தப்பிக்கொண்டோம்.

யாவரும் கலைந்தபின் உயர்வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கி நின்றான்.

“ஐயா, ஒருவர் பார்க்க விரும்பிய ஊரை மற்றவர் பார்க்கவே விரும்பவில்லை. ஆனாலும் சாவுக்குப் பின்னும் ஒருவரையொருவர் பார்த்தபடி கிடக்க இருவரும் விரும்பியிருக்கிறார்கள். இது நட்பு மட்டுந்தானா?”

உண்மை விடை நம் நாவின் நுனியில் இருந்தது. ஆயினும், “நேரமாயிற்று, பயிற்சிக்குப் போ, தம்பி” என்றோம். அவன் தலைகுனிந்து சென்றான். தன்பொருட்டு வினவினானோ, கதையின்பொருட்டு வினவினானோ, அது நமக்கு வேண்டியதன்று. வினவியவனுக்கு விடை கூறுதலே ஆசிரியர் தொழில். அத்தொழிலில் அன்று தவறினோம்.

நட்பு தாழ்ந்ததன்று. ஆயினும் ஒருவனுக்காக மற்றொருவன் அயல்நகரை வாழிடமாகவும் இடுகாடாகவும் கொள்வானாயின், அவ்வன்பிற்கு உரிய பெயரை மறுத்தல் முறையாகுமோ? இரு கல்லறைகளைக் காட்டிய தீப்ஸ் மக்களுக்கு இல்லாத நாணம், நூல் பல கற்ற நமக்கு ஏன் வந்தது?

மறு ஆண்டு அதே மேடையில் அதே வரலாற்றைக் கூறினோம். ‘காதல்’ என்றே கூறினோம். பின்வரிசையிற் சிறிது சிரிப்பெழுந்து அடங்கிற்று. கல்லறைகளைப் பற்றிக் கூறியபோது மண்டபம் அமைதியாகவே செவிமடுத்தது.

வினவிய மாணவனோ அதற்குள் கல்லூரியை விட்டு நீங்கியிருந்தான். நம் விடை ஓராண்டு பிந்திவிட்டது.